நீக்கியவள்

பிப்ரவரி 3, திங்கள்

ஹாஸ்டல் வாஷிங் மெஷின் மறுபடி நின்றுவிட்டது. மூன்று சுடிதாரையும் கையால் துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஓடினேன். ஷிப்டுக்கு எட்டு நிமிடம் தாமதம்.

அலுவலகத்தைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இந்த நோட்டு என் பெட்டிக்குள் இருப்பது. இது 'வெளியே' ஆகாது என்று நானாக வைத்துக்கொண்டேன். ஆனாலும் கம்பெனியின் பெயரை எழுதக் கை வரவில்லை. 'தளம்' என்றே எழுதுகிறேன். எங்கள் ஊர் டீக்கடைக்காரரிலிருந்து என் அம்மா வரை எல்லார் போனிலும் இருக்கிற தளம். நாங்கள் அதன் ஊழியர்கள்கூட இல்லை, அதற்கு ஆள் பிடித்துத் தரும் இன்னொரு நிறுவனத்தின் ஊழியர்கள். பெருங்குடியில் நான்காவது மாடி. தமிழுக்கு நாற்பது பேர். ஒரு பதிவைப் பற்றி யாராவது புகார் கொடுத்தாலும், பதிவுகளைத் தானாகச் சோதிக்கும் மெஷினுக்கே சந்தேகம் வந்தாலும், அது எங்கள் திரைக்கு வரும். 'இருக்கட்டும்' அல்லது 'நீக்கு'. ஒன்றுக்கு முப்பது வினாடி. ஒரு நாளைக்கு எழுநூறு.

போன மாதம் என் வேகம் குறைந்துவிட்டதாம். டீம் லீடர் தீர்த்தகிரி கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இசக்கி, இந்த மாசமும் இப்படியே இருந்தா என் கையில எதுவும் இல்ல. நிறுத்தற லிஸ்ட்டுல உங்க பேரு மேல போயிடும்." கெட்டவர் இல்லை. தர்மபுரிக்காரர், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலைக்கு முன்னால் பதினொரு மாதம் சும்மா இருந்தேன். அதை எழுதி வைக்கவேண்டிய அவசியமில்லை, மறக்காது.

பிப்ரவரி 5, புதன்

செண்பகவல்லி போன் செய்தாள். பேரூராட்சித் தேர்தலில் ஒன்பதாவது வார்டில் சுயேச்சையாக நிற்கிறாளாம்!

"கேட்டது தையல் மெஷின் சின்னம். கெடச்சது சீப்பு. எங்க வீட்டுக்காரரு தல வழுக்கை, அவரே சிரிக்காரு" என்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பெஞ்ச். என்னைப் போல ஊரைவிட்டு ஓடாமல் அங்கேயே தையல் கடை வைத்துக்கொண்டு, மூன்று வருடமாகக் கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு மனு மனுவாக எழுதுகிறவள். எங்கள் மேலக்கரையில் எல்லாத் தெருவுக்கும் குழாய் வந்துவிட்டது. கீழத்தெருவுக்கு மட்டும் ஒரே ஒரு அடிகுழாய், அதிலும் உப்புத்தண்ணீர். ஏன் அந்தத் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை. மேலத்தெருக்காரியான இவள் போய் அதைக் கேட்டதில் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

எதிரில் நிற்பவர் டைல்ஸ் கடை வேலாயுதபெருமாள். ஆளுங்கட்சி. இரண்டு வேன், ஒலிபெருக்கி, கொடி. இவளிடம் ஒரு போனும் தளத்தில் ஒரு பக்கமும் மட்டும்தான் இருக்கின்றன. தினமும் ஒரு வீடியோ போடுகிறாள். கீழத்தெருப் பெண்கள் எல்லாரும் பார்க்கிறார்களாம்.

"நீ அங்கதான இருக்க? எனக்கு ரெண்டு லைக்கு கூடப் போட்டுவிடேன்" என்றாள். அப்படியெல்லாம் முடியாது என்று சொல்லிச் சிரித்தேன்.

பிப்ரவரி 8, சனி

காலையில் ஒரு டீ மாஸ்டர் வரைந்த கேலிச்சித்திரம் வந்தது. ஒரு மந்திரி பள்ளத்தில் விழுந்து கிடப்பது போல. 'வன்முறையைத் தூண்டுவது' என்று மெஷினே சிவப்புக் கோடு போட்டிருந்தது. நீக்கினேன். விதி அது.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஒரு பெண் நிருபரின் போட்டோ, வீட்டு முகவரி, கீழே எழுதக்கூசும் வார்த்தைகள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று 'நீக்கு' பட்டனுக்குப் போனால் அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அழுத்த முடியவில்லை. 'இந்தக் கணக்கு சிறப்புப் பிரிவால் பார்க்கப்படும்' என்று ஒரு வரி. போட்டது 'மண்ணின் முழக்கம்' என்ற பக்கம். பதினெட்டு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆளுங்கட்சிப் பக்கம் என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் தெரியாதவர்கள் கிடையாது.

தீர்த்தகிரியிடம் போய்க் கேட்டேன்.

"அதுல ஏன் டைம் வேஸ்ட் பண்றீங்க? அது லிஸ்ட்ல இருக்கற அக்கவுண்ட். வேற நாட்டுல ஒரு டீம் பாக்கும்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா சார்?"

"அத நான் கேட்டதில்ல."

"இந்த லிஸ்ட்ட யார் சார் போடறது?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார் பவர்ல இருக்காங்களோ அவங்களச் சீண்டினா கம்பெனிக்கு இங்க பொழப்பு கெட்டுப்போகும். அவ்ளோதான். நான் சேர்ந்தப்ப இதே லிஸ்ட்ல அப்ப ஆண்ட கட்சிப் பக்கங்க இருந்துச்சு. ஆட்சி மாறுச்சு, லிஸ்ட்டும் மாறுச்சு. நாளைக்கு மறுபடி மாறும். நமக்கென்ன, நீங்க அடுத்தத எடுங்க."

அடுத்ததை எடுத்தேன். ஒரு மாமியார் மருமகள் சண்டை.

பிப்ரவரி 10, திங்கள்

அம்மா காலையிலேயே போன். "ஏட்டி, செம்பகம் என்னட்டி இப்படிப் பேசிட்டா?"

வீடியோவைப் பார்த்தேன். ஏழே வினாடி. செண்பகவல்லி ஒரு மரத்தடியில் நின்று மைக்கில் சொல்கிறாள்: "கீழத்தெருவுக்கெல்லாம் எதுக்குக் குழாயி? அந்த ஆளுங்களுக்கு அடிகுழாயே ஜாஸ்தி." அவ்வளவுதான். மேலே கொட்டை எழுத்தில் 'சீப்பு வேட்பாளரின் உண்மை முகம்'. போட்டது மண்ணின் முழக்கம்.

எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை. பிறகு அவளிடமே கேட்டேன். அழவில்லை, கத்தினாள்.

"பேரூராட்சி ஆபீஸ்ல ஒருத்தன் என் முகத்துக்கு நேரா சொன்னத எடுத்துச் சொல்லுதேன்ட்டி! 'இப்படிச் சொன்னாரு, கேட்டுட்டு நான் சும்மா வரல'ன்னு முன்னாடியும் பின்னாடியும் பேசிருக்கேன். நடுவுல உள்ளத மட்டும் வெட்டிப் போட்டுட்டானுவ."

என் சொந்தப் போனிலிருந்து புகார் கொடுத்தேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: 'நாங்கள் பார்த்தோம். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை.' யார் பார்த்தது? நான்கு நிமிடத்தில்? எங்களிடம் வந்தால் பட்டன் சாம்பல். எங்களிடம் வராவிட்டால் மெஷின். அந்த வரியைத் தமிழில் எழுதிக்கொடுத்தவள் எங்கள் பிரிவு ஷமீமா. அவளுக்கு அதற்காக ஒரு காபிக் கோப்பை பரிசு கொடுத்தார்கள்.

முழுப் பேச்சையும் போட்டு விளக்கம் சொல்லி நாளைக்கு ஒரு வீடியோ போடப்போகிறாளாம். அதுதான் சரி என்றேன். "மொதல்ல அந்த வெட்டுன துண்டக் காட்டு, அப்புறம் முழுசாக் காட்டு, அப்பதான் ஜனங்களுக்குப் புரியும்" என்று நான்தான் யோசனை சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று 731. இந்த மாதத்தில் இதுதான் அதிகம். தீர்த்தகிரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சாப்பாட்டுக்கு முன்னால் வந்த ஒன்றில் மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்திவிட்டேன். விதிப்படிதான்.

மதியம் சாம்பார் சாதம். ஷமீமா வாணியம்பாடியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. கடைவாய்ப்பல் வலி காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 12, புதன்

செண்பகவல்லி வேலை நேரத்தில் ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள். எங்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஐந்து மணிக்கு மேல்தான் பார்த்தேன்.

அவள் நேற்றுப் போட்ட விளக்க வீடியோவைத் தூக்கிவிட்டார்கள். போட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. 'ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் பேச்சு' என்று காரணம். பக்கத்தையும் முப்பது நாளைக்குப் பூட்டிவிட்டார்கள். தேர்தலுக்கு ஏழு நாள்.

"அவன் போட்ட பொய்யி அப்படியே இருக்கு. நான் போட்ட நெசத்த மட்டும் எடுத்திருக்கானுவ. இது எந்த ஊர் நியாயம்ட்டி? யாரு எடுத்தது? உனக்குத் தெரியாதா?"

"தெரியல செம்பகம். மெஷினே எடுத்திருக்கும்" என்றேன்.

பெரும்பாலும் மெஷின்தான் எடுக்கும். பத்தில் எட்டு அப்படித்தான். நான் பொய் சொல்லவில்லை.

"நீ உள்ள சொல்லிப் பாப்பியா?"

"பாக்கேன்."

பல் மருத்துவரிடம் போகவேண்டும். தள்ளிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

அம்மா போன். கீழத்தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் காலையில் செண்பகவல்லி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கொண்டுவந்த காலி மண்பானைகளை வாசலில் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

"மாடத்தி முன்னால நின்னா. அவ மகளுக்குச் சீமந்த ஜாக்கெட்டு தச்சுக் குடுத்தது இவதான. வெளிய வந்து 'ஏ மாடத்தியக்கா, நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க'ன்னு கெஞ்சுதா. ஒருத்தியும் திரும்பிப் பாக்கல" என்றாள் அம்மா. "அப்புறம் அவளே வெளக்குமாத்த எடுத்துட்டு வந்து ஒடஞ்ச பானை ஓட்டயெல்லாம் கூட்டினா. நான் போயி ஒத்தாச பண்ணலாம்னு நெனச்சேன். போகல. நமக்கெதுக்கு."

நமக்கெதுக்கு என்று அம்மா சொன்னதற்கு எனக்குக் கோபம் வந்தது. வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால் என்ன சொல்லிக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

தீர்த்தகிரியிடம் பேசினேன். ஒரு வேட்பாளரின் விளக்க வீடியோ தவறாக நீக்கப்பட்டிருக்கிறது, திரும்பப் போட முடியுமா என்று பொதுவாகக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார். பேப்பர்ல படிச்சேன்."

"அவங்கள அப்பீல் போடச் சொல்லுங்க... ஓ, தெரியாதில்ல. சரி, போட்டிருப்பாங்க. அப்பீல் வரிசையில இப்ப ஒன்பது நாள் ஓடுது."

"பத்தொன்பதாம் தேதி எலக்‌ஷன் சார்."

"அது நம்ம காலண்டர் இசக்கி. ஒரு பேரூராட்சி வார்டு. அவங்க மேப்புல அந்த ஊரே இருக்காது."

"ஆனா அந்த ஊர்ல எல்லார் போன்லயும் அவங்க இருக்காங்களே சார்!"

என் குரல் உயர்ந்துவிட்டது போல. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். தீர்த்தகிரி, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

பல்வலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்தேன். பல் மருத்துவரிடம் போகவில்லை. தளத்தின் சென்னை அலுவலகம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துப் போனேன். சுற்றிலும் கண்ணாடி வைத்த கட்டடம். பதினோராவது மாடி என்று கேட்டறிந்து லிஃப்டுக்குப் போனால் கார்டு இல்லாமல் கதவு திறக்காது. வாசலில் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

செக்யூரிட்டியிடம், என் தோழியின் பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள், நாளை மறுநாள் தேர்தல், யாராவது ஒருவரைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசவேண்டும் என்றேன்.

"இங்க அந்த மாதிரி யாரும் இல்லம்மா. விளம்பரம் பாக்கறவங்க மட்டும்தான் உக்காந்திருக்காங்க. போன வாரம்கூட ஒரு ஐயா வந்து சாயந்திரம் வரைக்கும் நின்னுட்டுப் போனாரு. ஆன்லைன்ல போடுங்க."

"ஆன்லைன்ல போட்டாச்சுண்ணே."

"அப்போ வெயிட் பண்ணணும்."

குறைதீர்ப்பு அதிகாரி என்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறார்கள். செண்பகவல்லி பேரில் நானே எழுதி அனுப்பினேன். உடனே பதில். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.' மறுபடி அனுப்பினேன். அதே பதில், அதே நொடியில். மூன்றாவது முறை வெறுமனே 'யாராவது இருக்கிறீர்களா' என்று மட்டும் அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.

செக்யூரிட்டி அண்ணன் உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அந்த இடத்தில் எனக்குப் பதில் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

பிப்ரவரி 19, புதன்

ஊரில் வாக்குப்பதிவு. எனக்கும் அங்கேதான் ஓட்டு. போகவில்லை. லீவு கேட்கவும் இல்லை.

698.

பிப்ரவரி 22, சனி

தோற்றுவிட்டாள். நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசம்.

கீழத்தெரு வாக்குச்சாவடியில் அவளுக்கு விழுந்தது பத்தொன்பது. குழாய் கேட்டு அவள் எழுதிய மனுவில் அதே தெருவில் இருநூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

போன் செய்தேன். அவள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். "தச்சுட்டு இருக்கா. அப்புறம் பேசச் சொல்லுதேன்" என்றார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இதை எழுதாமல் தூங்கப்போவதில்லை.

இரண்டு வாரமாக என்னை அப்பீல் வரிசையில் மாற்றிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பீல் பார்க்கும் ஷமீமா விடுப்பில் போனதால் இன்று அவள் இடத்தில் உட்காரவைத்தார்கள். பதினொரு மணிக்கு மேல் செண்பகவல்லியின் வீடியோ வந்தது. வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஒருவேளை இந்த நோட்டில் இந்த வாரமும் பல்வலியைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

நீக்கப்பட்ட பதிவு மறுபடி வரும்போது, முன்பு யார் நீக்கியது என்ற எண்ணும் கூடவே வரும். பெயர் இருக்காது, எண் மட்டும். அது என் எண்.

அதைப் பார்த்து அதிர்ந்துபோனேன் என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும். பதினோராம் தேதியே தெரியும்.

அன்று அந்த வீடியோ வந்தபோது மெஷின் ஏற்கெனவே அந்த ஏழு வினாடி வரிகளின் கீழ் சிவப்புக் கோடு போட்டிருந்தது. முதலில் அந்தத் துண்டு ஓடியது. நான் சொன்ன யோசனைப்படியே அதைத்தான் முதலில் வைத்திருந்தாள். பிறகு அவள் முகம் வந்தது. நீல நிறப் புடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். அவளை அடையாளம் தெரியாமல் இல்லை. ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

விதிப்படி அங்கே நான் செய்யவேண்டியது இரண்டு. ஒன்று, 'தெரிந்த நபர்' என்ற பட்டனை அழுத்தி வேறொருவருக்குத் தள்ளிவிடுவது. அப்படிச் செய்தால் எழுத்தில் விளக்கம் கொடுக்கவேண்டும், அன்றைய கணக்கு அரை மணி நேரம் நிற்கும். இரண்டாவது, நாலு நிமிட வீடியோவை முழுசாகப் பார்ப்பது. கண்டித்துப் பேசுவதற்காக ஒரு வசையை எடுத்துச் சொன்னால் நீக்கக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. முழுசாகப் பார்த்தால் எட்டு பதிவு பார்க்கும் நேரம் அதிலேயே போய்விடும். தீர்த்தகிரி தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அழுத்திவிட்டேன். திரையில் பதிவாகியிருக்கிறது. நான் பார்த்தது பதினோரு வினாடி.

அந்தக் கம்பெனி கெட்டது, அந்த லிஸ்ட் அநியாயம், மெஷின் முட்டாள் என்று இத்தனை நாள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை. ஆனால் அத்தனையும் சேர்ந்து என் விரல் வழியாகத்தான் மேலக்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்று முழுசாகப் பார்த்தேன். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். ஒரு இடத்தில் குரல் உடைந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். 'இருக்கட்டும்' அழுத்தினேன். பட்டன் பச்சையாக எரிந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

செண்பகவல்லி ஒரு படம் அனுப்பினாள். தளத்திலிருந்து அவளுக்கு வந்த செய்தி. 'உங்கள் பதிவை மீண்டும் பார்த்தோம். எங்கள் தரப்பில் தவறு நேர்ந்தது. பதிவு திரும்பச் சேர்க்கப்பட்டுள்ளது, உங்கள் பக்கமும் திறக்கப்பட்டுள்ளது. உங்கள் பொறுமைக்கு நன்றி.'

கீழே அவள் எழுதியிருந்தாள்: 'ஓட்டு எண்ணி மூணு நாள் கழிச்சு. இத அனுப்புதது மனுசனாட்டி?'

பதில் எழுத ஆரம்பித்து நாலு தடவை அழித்தேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 1, சனி

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவள் கடைக்குப் போனேன், அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள்.

உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். எதையும் விடவில்லை. யோசனை சொன்னது, முகம் பார்த்தது, அழுத்தியது, மெஷின் என்று சொன்னது, தெரிந்தவர் இல்லை என்று தீர்த்தகிரியிடம் சொன்னது.

என் கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"எம் மொகத்தப் பாத்த பெறகா அமுக்கின?"

"ஆமா."

"நான் அந்த வீடியோவ ஒம்போது தடவ எடுத்தேன்ட்டி. ஒவ்வொரு தடவையும் அழுக வந்துட்டு. அழுதா நடிக்கான்னு சொல்லுவாளுவன்னு மறுபடி மறுபடி எடுத்தேன்."



"போ" என்றாள். "வீட்டுக்குப் போ. அம்மா தேடும்."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு மாவு அரைத்துக் கொடுத்தேன், கொடியில் கிடந்த துணியை மடித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செண்பகவல்லி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. கீழத்தெருவுல எல்லாரும் வீட்ல இருப்பாவ. எங்கிட்ட சொன்னத அவியகிட்ட வந்து சொல்லுவியா?"

வெளியே பேசமாட்டேன் என்று போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. அந்தத் தெருவில் எத்தனை போன் இருக்கும், அதில் ஒன்று என்னைப் படம் பிடித்தால் போதும், வேலை போய்விடும்.

"வேணும்னா மொகத்தக் காட்டாம நான் பேசுதத வீடியோ எடுத்து உன் பக்கத்துல போடேன்" என்றேன். எனக்கே அது அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

"அதுலயா? எவ பாப்பா, எத்தன செகண்டு பாப்பான்னு எனக்கு என்னட்டி தெரியும்? நடந்து போவோம்" என்றாள். பிறகு, "நான் இன்னும் உங்கூடப் பேசல, பாத்துக்கோ. வேலைக்குத்தான் கூப்பிடுதேன்."

மார்ச் 2, ஞாயிறு

முதல் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்குப் போனே கெடையாதும்மா. நான் சீப்புக்குத்தான் போட்டேன்" என்றார். செண்பகவல்லி அதற்குத்தான் முதலில் அழுதாள்.

மூன்றாவது மாடத்தி வீடு. மாடத்தியக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் பேச ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தில் நாலைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தளம், ஒப்பந்தம், வரிசை என்று என்னென்னவோ உளறினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை, பொறுமை இழந்து கேட்டாள். "இதெல்லாம் இருக்கட்டும்க்கா. அந்த முழுப் பேச்ச அழிச்சது யாரு?"

"நான்தான்" என்றேன்.

முறம் நின்றது.

செண்பகவல்லி போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு மாடத்தியக்காவின் கையில் கொடுத்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வெட்டிய துண்டு இருபது நாளில் நாலு லட்சம் பேருக்குப் போயிருக்கிறது. முழுசுக்கு அடியில் இருநூற்றுச் சொச்சம் என்று காட்டியது. நாலு நிமிடமும் முழுசாகப் பார்த்தார்கள். குழந்தை மட்டும் போனைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் மாடத்தியக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. செண்பகவல்லியைப் பார்த்துச் சொன்னாள்:

"இவ பாக்காம அமுக்கிட்டா. நாங்க மட்டும் என்ன பண்ணினோம்? நாலு தெரு தள்ளி ஒன் வீடு. ஒரு நட வந்து கேட்டிருக்கலாம்லா. கேக்கலியே. போன்ல வந்துட்டு, அது போதும்னு பானையத் தூக்கிட்டு வந்துட்டோம்."

"அத விடுங்கக்கா."

"எப்படி விட? அஞ்சு வருசத்துக்குல்லா விட்டுட்டோம்."

கைக்குழந்தைக்காரி என்னிடம் திரும்பினாள். "நேத்து வேலாயுதபெருமாள் ஒரு லாரித் தண்ணி கொண்டாந்தாரு. வீட்டுக்கு அரக்கொடம். எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுப் படம் எடுத்துட்டுப் போனாரு. அது இப்ப ஊரெல்லாம் ஓடுது. அத நீங்க எடுத்துருவியளா?"

"அத எடுக்க முடியாதும்மா. அதுல பொய் ஒண்ணும் இல்லயே" என்றேன்.

"ஆமா, பொய் இல்லதான்" என்றாள். சிரித்தது போல இருந்தது, சிரிக்கவில்லை.

இருட்டுவதற்குள் பத்தொன்பது வீடு முடிந்தது. நான்கு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். இரண்டு பேர் நான் பேசுவதைப் போனில் எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இந்நேரம் அது எங்கள் நான்காவது மாடியில் யாராவது ஒருத்தியின் திரைக்குப் போயிருக்கலாம். முழுசாகப் பார்ப்பாளா என்று தெரியாது.

இன்னும் நாற்பத்துமூன்று வீடு பாக்கி. மிச்சத்தைத் தானே தனியாகப் பார்த்துக்கொள்வதாகச் செண்பகவல்லி சொன்னாள். எனக்கு எட்டரை மணிக்குப் பஸ்.

நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று தீர்த்தகிரிக்கு அனுப்பினேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, ஊரில் கொஞ்சம் பேரிடம் பேசவேண்டியிருக்கிறது என்று எழுதினேன்.

காலையில் ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்று செண்பகவல்லி சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஏழு மணிக்கு மேல் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்களாம்.